கொட்டிய மணல் எங்கே போனது? கடற்கரை அளவை: கேள்வி-பதில்

புதுச்சேரி பீச் ரோட்டில் மணல் கொட்டிய சில மாதங்களிலேயே மணற்பரப்பு பாதியாகக் குறுகிவிட்டது. மணலைக் கடல் கொண்டுபோய்விட்டதா?

அகலத்தை மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. புல்டோசர் நிரவிய மணல் இயற்கைச் சரிவைவிடச் செங்குத்தாக நிற்கும். அலை அதை இழுத்து நீருக்கடியில் பரப்பித் தனக்கேற்ற சரிவை அமைத்துக்கொள்ளும். மேலே குறைந்தது கீழே இருக்கலாம். கரைமேட்டிலிருந்து கடலடி மாறாத ஆழம்வரை கூட்டிப் பார்த்தும் குறைந்தால்தான் அது இழப்பு.

அப்போதும் வடக்கே தேடிப் பாருங்கள். இங்கே ஆண்டு நிகரக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கட்டிய துறைமுகச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்ததால்தான் நகரக் கரை அரித்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018இல் நீருக்கடியில் இறக்கிய இரும்புத் திட்டு கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும். ஆனால் அளவை அதோடு நின்றால் கணக்கு அரைகுறை. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் வரை அளவைக் கோடுகள் போக வேண்டும்.

குறுக்குவெட்டு அளவையை எப்படிச் செய்வது? என்ன கருவி வேண்டும்?

கரைக்குச் செங்குத்தாகக் கடலுக்குள் போகும் கோட்டில் தரையின் உயரத்தை அளப்பதே இது. 100 மீட்டருக்கு ஒரு கோடு. கொட்டிய பகுதியின் இரு முனைகளிலும் 50 மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே கோடு, அதே திசைக்கோணம். உயரத்தை ஒப்பிடும் நிலைப்புள்ளியான பெஞ்ச்மார்க்கைக் கருங்கல் கொட்டிய தடுப்பின் மேல் வைக்காதீர்கள். பாறை அமுங்கினால் கணக்கு முழுதும் அமுங்கும். பழைய கட்டடத்தின் அடித்தளம் நல்லது.

நீர் வற்றும் நேரத்தில் ஆட்டோ லெவல் (உயரம் பார்க்கும் தொலைநோக்கி) அல்லது ஆர்.டி.கே. ஜி.பி.எஸ். (சென்டிமீட்டர் துல்லிய ஜி.பி.எஸ்.) கொண்டு மார்பளவு நீர்வரை நடந்து அளக்கவும். கடல் ஏற்றத்தின் உச்சத்தில் படகில் எக்கோ சவுண்டருடன் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) எவ்வளவு கரையை நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கவும். இரண்டும் ஒரே இடத்தைத் தொட்டு ஒத்துப்போக வேண்டும். நம் கரையில் ஓத (அன்றாடக் கடல்மட்ட) ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் இந்த இணைப்பு சுலபமாக விட்டுப்போகும். பெரும்பாலான அளவைகள் கெடுவது இங்கேதான். கடல் பக்கம் 8–10 மீட்டர் ஆழம்வரை போய்விடுங்கள். பல முறை அளந்த கோடுகள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ, அதுவே உங்கள் எல்லை.

ஸ்டாஃபின் (அளவுகோல் கம்பத்தின்) அடியில் அகலத் தட்டு மாட்டவும். இல்லையேல் ஈரமணலில் புதையும். 5 சென்டிமீட்டர் பிழைதானே என்று விட்டால், 1 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலத்தில் அது 15,000 கன மீட்டர். எக்கோ சவுண்டரைப் படகு இறங்கும் ஒவ்வொரு நாளும், தெரிந்த ஆழத்தில் தகடு தொங்கவிட்டுச் சரிபார்க்கவும்.

கணக்கு எளிது. ஒரு கோட்டில் வெட்டுப்பரப்பு (அங்கே மணலைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்பு) 40 சதுர மீட்டர் கூடியிருக்கிறது, 100 மீட்டர் தள்ளி அடுத்ததில் 28. சராசரி 34, இடைவெளியால் பெருக்கினால் 3,400 கன மீட்டர், அதாவது சுமார் 1,200 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி).

இலவசச் செயற்கைக்கோள் படங்களில் கரைக்கோடு வரைந்து கல்லூரி புராஜெக்ட் செய்யலாமா?

பல ஆண்டுப் போக்குக்கு நல்லது, சில மாத மாற்றத்துக்கு ஆகாது. லேண்ட்சாட்டின் ஒரு புள்ளி 30 மீட்டர், சென்டினல்-2இன் புள்ளி 10 மீட்டர். 1:10 சரிவுள்ள கரையில் ஓதம் 60 சென்டிமீட்டர் ஏறினாலே ஈரக்கோடு 6 மீட்டர் உள்ளே வந்துவிடும். படம் எடுத்த நேரத்தின் ஓத அளவைக் கொண்டு திருத்துங்கள். வெவ்வேறு ஆண்டுகளின் ஒரே மாதத்துப் படங்களையே ஒப்பிடுங்கள்.

டிரோன் போதாதா?

நீருக்கு மேலே மட்டும் போதும். அங்கும் பளபளக்கும் ஈரமணலில் உயரம் பிசகும். தரைக்கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இடமும் உயரமும் அளந்து வைத்த தரைக்குறிகளை) ஒரே வரிசையில் வைக்காமல் கரைமேடு, நடுப்பகுதி, நீரோரம் எனப் பரப்பி வைக்கவும்.

டிரெட்ஜர் (மணல் தோண்டும் கப்பல்) கணக்கு ஒன்று, கரையில் அளந்தது வேறு. யார் சொல்வது சரி?

இருவருமே சரியாக இருக்கலாம். முகத்துவாரத்தில் தோண்டியதில் சேறும் நுண்மணலும் உண்டு. கொட்டும்போதே கலங்கலாகப் போய்விடும். கப்பல் தொட்டியில் தளர்வாகக் கிடந்த மணல் கரையில் இறுகும். ஆகவே கொட்டுவதற்கு முந்தைய, பிந்தைய கரை அளவைகளின் வித்தியாசத்துக்கே பில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. தினமும் மாதிரி எடுத்துச் சல்லடையில் சலிக்கவும். கரையின் சொந்த மணலைவிட நுண்ணியது சீக்கிரம் ஓடிவிடும்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எந்த மாதம் அளக்கலாம்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒன்று, கடல் அடங்கிய பிப்ரவரி–மார்ச்சில் ஒன்று. செப்டம்பரைச் செப்டம்பரோடு மட்டும் ஒப்பிடுங்கள். மார்ச்சோடு ஒப்பிட்டால் பருவத்தின் ஆட்டத்தை அரிப்பென்று எழுதிவிடுவீர்கள். 2011 டிசம்பரில் வந்த ‘தானே’, 2024 நவம்பரில் வந்த ‘ஃபெஞ்சல்’ போன்ற புயல் அடித்தால், படகு இறங்க முடிந்த முதல் நாளிலேயே கூடுதலாக ஒன்று. கெடிலம் முகத்துவாரத்தை ஒட்டிய கோடுகளைத் தனியாகக் கணக்கிடுங்கள். வெள்ளத்தில் மணல்திட்டு உடைந்தால் அந்த எண்கள் மற்றக் கோடுகளின் சராசரியையும் குலைத்துவிடும்.