தை மாதத் திருமணமும் மூக்கு அறுவை சிகிச்சையும்

கேள்வி: எனக்கு வயது 24. வரும் தை மாதம் திருமணம். என் மூக்குத் தண்டு மேடாகவும் நுனி தடித்தும் இருக்கிறது. செல்ஃபி எடுத்தால் முகத்தில் மூக்கு மட்டுமே தெரிகிறது. இடது பக்கம் அடிக்கடி அடைத்துக்கொள்ளவும் செய்கிறது. ஐப்பசியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் திருமணத்திற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் விசாரித்த மருத்துவமனையில் சொல்கிறார்கள். நான் கண்ணாடி அணிபவள். செய்துகொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள வாசகிக்கு, செய்துகொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் ஐப்பசியில் செய்துகொண்டு தையில் மணவறையில் அமரலாம் என்ற கணக்கு சரிவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடைபெறுகிறது. தண்டிலுள்ள மேட்டைச் சீவிச் சமப்படுத்திய பிறகு, இரு பக்க எலும்புகளையும் வெட்டி உள்நோக்கி நெருக்க வேண்டியிருக்கும். அப்போது கசியும் இரத்தம் கண்களைச் சுற்றித் தங்கிவிடுவதால், இரண்டாம் மூன்றாம் நாளில் முகம் வீங்கிக் கருநீலமாகத் தெரியும். ஏன் செய்துகொண்டோம் என்று கண்ணாடி முன் நின்று அழுபவர்கள் அந்த நாட்களில்தான் அழுகிறார்கள். மூக்கின் வடிவம் கலையாமலிருக்க அதன் மேல் ஒட்டும் கெட்டியான கட்டை (ஸ்பிளிண்ட்) ஏறத்தாழ ஒரு வாரத்தில் எடுப்பார்கள், கண்களைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரங்களில் பெருமளவு மறையும். அதுவரை மூக்கடைப்போடு வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, தலையணைகளை அடுக்கித் தலையை உயர்த்தி உறங்க வேண்டியிருப்பதே பலருக்கும் வலியைவிடப் பெரிய தொல்லையாக இருக்கிறது.

மூக்கைச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து கோலம் போடுவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் முதல் சில வாரங்களுக்கு ஆகாது. ஆவி பிடி, மூக்கில் எண்ணெய் விடு என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வதையெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். வெட்டி நகர்த்திய எலும்பு கூடிவரும்வரை தண்டின் மேல் பாரம் இருக்கக் கூடாது என்பதால், நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு உங்கள் கண்ணாடி மூக்கில் அமர முடியாது. கான்டாக்ட் லென்ஸ் பழகிக்கொள்ள வேண்டும், அல்லது கண்ணாடியை நெற்றியோடு சேர்த்து டேப் ஒட்டித் தாங்கவைக்க வேண்டும்.

இவ்வளவும் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடுமே என்று நினைப்பீர்கள். சிக்கல் நுனியில் இருக்கிறது. தண்டின் வீக்கம் முன்னதாக வடிந்துவிட, நுனியின் வீக்கம் மிக மெதுவாக, ஓராண்டு வரையிலும் சிலருக்கு அதற்கு மேலும் வடிந்துகொண்டே இருக்கும். தோல் தடிமனானவர்களுக்குத் தாமதம் இன்னும் அதிகம். நீங்கள் குறைக்க விரும்புவதே நுனியை என்னும்போது, மூன்றாம் மாதத்தில் எடுக்கும் திருமணப் படத்தில் அது எதிர்பார்த்ததைவிடத் தடித்தே தெரியலாம். விளைவு பிடிக்காமல் போனாலும், திருத்தத்திற்குப் பொதுவாக ஓராண்டாவது காத்திருக்கச் சொல்வார்கள். கணினியில் உங்களுக்குக் காட்டும் 'அறுவைக்குப் பின்' படம் ஓர் உத்தேசமே தவிர உத்தரவாதம் அல்ல.

செல்ஃபியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். ஏறத்தாழ ஓர் அடி தூரத்தில் எடுக்கும் படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 விழுக்காடு அகன்று தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆறேழு அடி தள்ளி நின்று வேறொருவர் எடுத்த படத்திலும், பக்கவாட்டுப் படத்திலும் அதே குறை உங்களை உறுத்துகிறதா என்று பாருங்கள். அப்படி உறுத்தினால் உங்கள் ஆசையில் தவறு ஏதுமில்லை. திருமணம் முடிந்து, ஒரு மாதம் ஓய்வெடுக்கக்கூடிய காலமாகப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். பட்டம் பெற்றவரா, அல்லது மூக்கு அறுவையில் தனிப்பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவரா, உங்களைப் போன்ற மூக்குகளுக்குச் செய்து ஓராண்டு கழித்து எடுத்த படங்கள் அவரிடம் இருக்கின்றனவா என்று தயங்காமல் கேளுங்கள்.

இடையில் யாராவது 'ஃபில்லர் ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்' என்று ஆசை காட்டக்கூடும். அது பள்ளத்தை நிரப்புமே தவிர, மூக்கைச் சிறிதாக்காது. அரிதாக இரத்தக் குழாயை அடைத்துத் தோலையோ பார்வையையோகூடப் பறித்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை அதிகம் ஈர்த்தது அந்த இடது பக்க அடைப்புதான். மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கலாம், ஒவ்வாமையாகவும் இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் சிறு குழாய்க் கருவியால் உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். சுவர் வளைவென்றால் அதை நேராக்குவதையும் தோற்றத்தைத் திருத்துவதையும் பின்னாளில் ஒரே அறுவையில் செய்ய முடியும் என்பதால், இதைச் சொல்லாமல் அழகுக்காக மட்டும் செய்துகொள்வது நட்டமாகும். அழகுக்கான செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மூச்சுத் தடைக்கான சிகிச்சைக்குப் பாலிசியைப் பொறுத்து இடமுண்டு. இந்தப் பரிசோதனைக்கு நீங்கள் தை வரை காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வாரமே போகலாம்.