நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு: தட்டில் என்ன வைப்பது?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.3. புரதம் ஆகாது என்று கேள்விப்பட்டு இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெறும் சோறும் வேகவைத்த காய்கறியும் கொடுக்கிறோம். மறுபரிசோதனையில் 1.9 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் நாய் மெலிந்துகொண்டே போகிறதே?

பதில்: வெறும் சோற்றை இன்றே நிறுத்துங்கள். உணவில் புரதம் போதாவிட்டால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். அப்படிக் கரையும் புரதமும் யூரியாவாகி அதே சிறுநீரகத்திடம்தான் வந்து சேரும். கிரியேட்டினின் குறைந்ததைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். அது தசையிலிருந்து வந்து, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள். தசை குறைந்தால் சிறுநீரகம் தேறாமலே எண் இறங்கும். முதுகெலும்பின் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். எலும்பு முண்டு முண்டாகத் தட்டுப்பட்டால் தசை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை தசையின் அளவைப் பெரிதாகச் சார்ந்ததல்ல என்பதால், மெலிந்த நாய்க்கு அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

சர்வதேசக் கால்நடைச் சிறுநீரக நிபுணர் குழுவான ஐரிஸ் (IRIS) நாய்களுக்கு வகுத்த நிலைகளில், கிரியேட்டினின் (மி.கி./டெ.லி. அளவில்) 1.4 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. இந்த நோயில் உணவின் முதல் வேலை பாஸ்பரஸைக் கட்டுப்படுத்துவது. புரதம் அதற்கு அடுத்துத்தான். பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாமல் போகும்போது பாராதைராய்டு ஹார்மோன் ஏறுகிறது. அது எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கிறது. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து சிறுநீரகத் திசுவிலேயே படிந்து, மிச்சமிருக்கும் பகுதியையும் கெடுக்கின்றன. ரத்தத்தில் பாஸ்பரஸ் (இதுவும் மி.கி./டெ.லி.) இரண்டாம் நிலையில் 4.6-க்குக் கீழும், மூன்றாம் நிலையில் 5.0-க்குக் கீழும், நான்காம் நிலையில் 6.0-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது இலக்கு. மருத்துவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு எண், சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். அது 0.5-ஐத் தாண்டினால் சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. அந்த நாய்க்குப் புரதக் கட்டுப்பாடு கண்டிப்பாகத் தேவை. அப்போதும் குறைப்பதுதான், அடியோடு நிறுத்துவதல்ல. முட்டை போல நன்றாகச் செரிக்கும் தரமான புரதத்தை அளவோடு கொடுக்க வேண்டும்.

கேள்வி: சிறுநீரக நோய்க்கென்றே வரும் உணவுக்குப் பதிலாக, ‘முதிய நாய்களுக்கு’ என்று அச்சிட்ட டிரை ஃபுட் வாங்கலாமா? இரண்டு பையின் லேபிளையும் எப்படி ஒப்பிடுவது?

பதில்: ‘முதிய நாய்’ என்பது விற்பனைக்கான பெயர். அதில் பாஸ்பரஸ் குறைவாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. சிலவற்றில் புரதமும் பாஸ்பரஸும் இளம் நாய்க்கான உணவைவிடக் கூடுதலாகவே இருக்கின்றன. எண்களைப் பாருங்கள்.

லேபிளில் உள்ள சதவீதத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது, ஈரப்பதம் ஏமாற்றிவிடும். டப்பா உணவு ஒன்றில் ஈரப்பதம் 78, பாஸ்பரஸ் 0.12 சதவீதம் என்று வையுங்கள். 100-லிருந்து 78-ஐக் கழித்தால் 22. 0.12-ஐ 22-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 0.55. ஈரப்பதம் 10, பாஸ்பரஸ் 0.7 என்றுள்ள டிரை ஃபுட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 0.78. முதல் பார்வையில் ஆறு மடங்கு வித்தியாசம்போலத் தெரிந்தது, உண்மையில் ஒன்றரை மடங்குகூட இல்லை. சிறுநீரக உணவுகளில், ஈரம் நீக்கிய கணக்கில், பாஸ்பரஸ் 0.2 முதல் 0.5 சதவீதமும் புரதம் 14 முதல் 20 சதவீதமும் இருக்கும்; உப்பும் குறைவு, ஒமேகா-3 சேர்த்திருப்பார்கள்.

இதைவிடத் துல்லியமானது, 1000 கலோரிக்கு எத்தனை கிராம் பாஸ்பரஸ் என்று பார்ப்பது. நாய் கலோரிக்காகத்தான் சாப்பிடுகிறது. கொழுப்பு அதிகமுள்ள உணவைக் கொஞ்சம் தின்றாலே போதும். கிலோவுக்கு 3500 கலோரி உள்ள உணவில் பாஸ்பரஸ் 0.7 சதவீதம் என்றால் 1000 கலோரிக்கு 2 கிராம். சிறுநீரக உணவுகளில் இது பெரும்பாலும் 1 கிராமை ஒட்டியே இருக்கும். லேபிளில் ‘குறைந்தபட்சம்’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது அதைவிட அதிகமாக இருக்கலாம். சரியான அளவை நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் அந்தப் பையை விட்டுவிடுங்கள்.

சேர்மானப் பட்டியலில் பாஸ்போரிக் அமிலம், சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட், டைகால்சியம் பாஸ்பேட் போன்றவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இறைச்சியில் இயல்பாக உள்ள பாஸ்பரஸைவிட, இப்படி உப்பாகச் சேர்ப்பது ரத்தத்தில் சீக்கிரம் ஏறும்.

கேள்வி: வீட்டிலேயே கோழி, அரிசி, காய்கறி போட்டுச் சமைத்துக் கொடுக்க விரும்புகிறோம். நாய் 10 கிலோ. எலும்பும் போடலாமா?

பதில்: எலும்பு கூடவே கூடாது. எலும்புச் சூப்பும் எலும்புத் தூளும் அப்படித்தான். எலும்பு என்பதே கால்சியமும் பாஸ்பரஸும்தான்.

ஆனால் எலும்பை எடுத்துவிட்டால் கால்சியமும் போய்விடும். வீட்டுச் சமையலில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். கோழி, சோறு, காய்கறி மூன்றிலும் நாய்க்கு வேண்டிய கால்சியம் கிடையாது. அதை கால்சியம் கார்பனேட்டாகக் கொடுக்க வேண்டும், டைகால்சியம் பாஸ்பேட் மாத்திரையாக அல்ல. நன்றாக வேகவைத்து, காயவைத்து, மாவாக அரைத்த முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட்தான்; 5 கிராம் தூளில் ஏறக்குறைய 1.9 கிராம் கால்சியம். அளவை மருத்துவர் ரத்தக் கால்சியத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். துத்தநாகம், தாமிரம், அயோடின், கோலின், வைட்டமின் டி, ஈ ஆகியவையும் இப்படிப்பட்ட சமையலில் பற்றாக்குறைதான். இணையத்தில் கிடைக்கும் பொதுவான சமையல் குறிப்பை நம்பாமல், உங்கள் நாயின் எடைக்கும் நிலைக்கும் கணக்கிட்டு எழுதிய குறிப்பைக் கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் வாங்குங்கள். வாங்கிய பின் அளவை மாற்றாதீர்கள். குறிப்பில் உள்ள எண்ணெயைக் குறைத்தால் கலோரி போய்விடும்.

கலோரிக் கணக்கு இப்படி: எடையை மூன்று முறை பெருக்குங்கள் (10×10×10 = 1000), இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள் (5.62), 70-ஆல் பெருக்குங்கள். 394 கலோரி. இது படுத்துக்கிடக்கும் தேவை. நடமாடும் நாய்க்கு இதை 1.4 முதல் 1.6 வரை பெருக்கினால் நாளுக்கு 550 முதல் 630. இது தொடக்கம்தான், வாரம் ஒருமுறை எடை பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பாஸ்பரஸில் ஒரு பகுதி குறையும். சத்து வீணாகிறதே என்று அதையே சோற்றில் ஊற்றினால் செய்ததற்குப் பயன் இல்லை. முட்டையில், ஒரு வெள்ளைக்கருவில் 3.6 கிராம் புரதத்துக்கு வெறும் 5 மில்லிகிராம் பாஸ்பரஸ். மஞ்சள் கருவில் 2.7 கிராம் புரதத்துக்கு 66 மில்லிகிராம். வேகவைத்த வெள்ளைக்கரு இந்த நோய்க்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம். ஈரல், மீன் முள், பாலாடைக்கட்டி எல்லாம் எதிர்ப்பக்கம். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை எந்த நாய்க்கும் ஆகாது.

கேள்வி: மருத்துவர் சொன்ன சிறுநீரக உணவை வாங்கி வைத்தோம். மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. பட்டினி போட்டால் தின்னுமா?

பதில்: பட்டினி போடாதீர்கள். பசித்தால் தின்னும் என்பது ஆரோக்கியமான நாய்க்கு. இந்த நாய்க்கு வயிற்றைப் புரட்டுகிறது. உதட்டை நக்குவது, எச்சில் ஒழுகுவது, தட்டருகே வந்து திரும்பிப்போவது எல்லாம் குமட்டலின் அடையாளங்கள். அந்த நேரத்தில் புது உணவை நீட்டினால், அந்த வாசனையையும் குமட்டலையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு பிறகு எப்போதும் தொடாது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே புது உணவைத் தொடங்கக் கூடாது என்பதும் இதனால்தான். முதலில் குமட்டலுக்கு மாரோபிட்டன்ட் போன்ற மருந்து, தேவைப்பட்டால் பசியைத் தூண்ட கேப்ரோமோரெலின் அல்லது மிர்டாஸபின். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்ட பிறகு மாற்றத்தைத் தொடங்குங்கள்.

பழைய உணவில் பத்தில் ஒரு பங்கு புதியது. அதைத் தின்றால் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை கூட்டலாம். இரண்டு வாரமோ ஒரு மாதமோ ஆகட்டும். வெதுவெதுப்பாகச் சூடாக்குவது வாசனையைக் கிளப்பும். ஒரு நிறுவனத்தின் உணவு பிடிக்காவிட்டால் இன்னொன்று. டிரை பிடிக்காவிட்டால் டப்பா. எதுவுமே ஏறாவிட்டால், தின்னும் உணவையே கொடுத்து, பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்கலாம். நாயின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 100 மில்லிகிராம் என்பது வழக்கமான வரம்பு. அதைச் சோற்றோடு பிசைந்து, வேளைக்கு வேளை பிரித்துக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் பிடித்துவைக்க அங்கே பாஸ்பரஸ் இருக்காது. மலச்சிக்கல் வரலாம். 4 முதல் 6 வாரத்தில், 12 மணி நேரம் சாப்பிடாமல் ரத்தம் எடுத்துப் பாஸ்பரஸைப் பாருங்கள்.

கேள்வி: இதற்கு முன் கணைய அழற்சி வந்த நாய். சிறுநீரக உணவு கொடுக்கலாமா?

பதில்: யோசித்துத்தான். புரதத்தைக் குறைத்த இடத்தில் கலோரிக்காகக் கொழுப்பைக் கூட்டியிருப்பார்கள். கணையத்துக்கு அது ஆகாது. கொழுப்புக் குறைந்த உணவும் பாஸ்பரஸ் பிடிக்கும் மருந்தும் சேர்ந்த வழியை மருத்துவரிடம் பேசுங்கள். மீன் எண்ணெய் கொடுக்குமுன்னும் கேளுங்கள். கொடுக்கச் சொன்னால், ‘1000 மில்லிகிராம் கேப்சூல்’ என்பதைப் பார்க்காமல் உள்ளே இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று பாருங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ, டி அதிகம்.

கேள்வி: நிறையத் தண்ணீர் குடித்து இரவெல்லாம் சிறுநீர் கழிக்கிறது. இரவில் தண்ணீரை எடுத்துவைக்கலாமா?

பதில்: எடுக்கக் கூடாது. சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விட்டதால் கழிக்கிறது, கழிப்பதால் குடிக்கிறது. தண்ணீரை நிறுத்தினாலும் சிறுநீர் நிற்காது, உடல்தான் வற்றும். படுக்கும் முன் ஒருமுறை வெளியே கூட்டிப்போங்கள். டிரை ஃபுட் என்றால் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். வாந்தியோ பேதியோ தொடங்கி, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.