கோப்பு தொலைந்தால் முதலில் கையை எடுங்கள்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பல ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால், அவற்றை ஆறாகச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஷிஃப்ட் விசையோடு டெலிட்டை அழுத்தியதால், இரண்டு ஆண்டு ஆய்வுக் குறிப்புகள் இருந்த கோப்புறை ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் அழிந்துவிட்டது. மீட்பு மென்பொருள் ஒன்றைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன். நிறுவலாமா ஐயா?

பதில்: அந்தக் கணினியில் நிறுவ வேண்டாம். தரவிறக்கியதே ஒரு சிறு பிழைதான். கலங்கடிப்பதற்காகச் சொல்லவில்லை, காரணம் தெரிந்தால் அடுத்த பிழையைத் தவிர்ப்பீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சுழலும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. அது இருந்த இடம் காலி என்ற குறிப்பு மட்டுமே, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வட்டு வைத்திருக்கும் அட்டவணையில் ஏறுகிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழைய தரவு அப்படியே கிடக்கும். நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் விண்டோஸ் தன் பதிவுகளையும் உலாவி தன் தற்காலிகக் கோப்புகளையும் ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதால், கணினியை அணைத்து, வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, அங்கிருந்து மென்பொருளை இயக்கி, மீட்டவற்றை இந்த வட்டில் அல்லாமல் இன்னொன்றில் சேமிப்பதே முறை.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. 2009இல் வந்த விண்டோஸ் 7 தொட்டே, கோப்பு அழிந்ததும் இன்னின்ன பகுதிகள் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் வட்டுக்குச் சொல்லிவிடுகிறது. டிரிம் எனப்படும் இந்த ஏற்பாட்டால் வட்டே அப்பகுதிகளைத் துடைத்துவிடுகிறது. மீட்பு மென்பொருளுக்குப் பெரும்பாலும் வெறும் சுழியங்களே கிடைக்கும். அந்நிலையில் வட்டைக் குடைவதைவிட நகல்களைத் தேடுவதே மேல். நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பு, நண்பருக்குப் படிக்கக் கொடுத்த வரைவு, மாற்றி வைத்த பழைய மடிக்கணினி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி: வெளி ஹார்டு டிஸ்க்கை இணைத்தால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. உறைபெட்டியில் ஓர் இரவு வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள். குளிர்ந்த வட்டு வெளியே வந்ததும் அதன் தட்டின் மேல் ஈரம் படியும். படிக்கும் முனை தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. அங்கே ஒரு தூசியே பாறைக்குச் சமம் என்றால் நீர்த்துளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சத்தம் பெரும்பாலும் முனை பழுதானதன் அடையாளம். மறுபடி மறுபடி இணைத்துப் பார்ப்பது தட்டைச் சுரண்டிவிடும். இதற்கு மென்பொருளில் மருந்தும் இல்லை. தரவு முக்கியமானது என்றால், தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்திடம் கொடுங்கள். மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா என்பதையும், பணம் செலுத்தும் முன் மீட்கக்கூடிய கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கேமராவின் மெமரி கார்டைச் செருகியதும் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. உள்ளே திருமணப் படங்கள் இருக்கின்றன.

பதில்: வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, எஸ்டி கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டுப் பொத்தானைத் தள்ளி எழுதுவதைத் தடை செய்யுங்கள். கார்டு முழுவதையும், உள்ளது உள்ளபடியே, முதலில் ஒரே பிம்பக் கோப்பாக நகலெடுத்து, அந்த நகலின் மீதுதான் முயற்சிகளைச் செய்ய வேண்டும். கார்டே நலிந்திருந்தால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் இதற்கு ஏற்றது, ஏனெனில் அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு பழுதானவற்றைக் கடைசிக்கு ஒதுக்கும். பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளை இயக்குங்கள். கோப்பின் தொடக்க பைட்டுகளைக் கொண்டே அது படங்களை அடையாளம் காண்பதால், அட்டவணை சிதைந்திருந்தாலும் படங்கள் வரும். பழைய பெயர்களும் கோப்புறைகளும் மட்டும் வராது. ஆயிரம் படங்களுக்குப் பெயர் வைப்பது அலுப்பான வேலைதான், ஆனால் படங்கள் இருக்குமே.

பதற்றத்தில் ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டவர்களுக்கு ஒரு சொல்: விரைவு ஃபார்மட் என்றால் இதே வழி பெரும்பாலும் பலிக்கும். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸில் முழு ஃபார்மட் செய்திருந்தால் எல்லா இடத்திலும் சுழியம் எழுதப்பட்டிருக்கும், தேடுவதில் பயனில்லை.

கேள்வி: வேர்டில் சேமிக்காமலே மூடிவிட்டேன்.

பதில்: கோப்பு மெனுவின் தகவல் பகுதியில், ஆவணத்தை நிர்வகிக்கும் பொத்தானுக்குள் சேமிக்காத ஆவணங்களை மீட்கும் வழி இருக்கிறது. தானியங்கி மீட்பு இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதால் கடைசிப் பத்திகள் போயிருக்கலாம். கிடைத்ததும் உடனே வேறு பெயரில் சேமியுங்கள்.

கேள்வி: கணினியில் அழித்தது கிளவுடிலும் அழிந்துவிட்டது. அதுதானே என் பேக்கப்?

பதில்: அது பேக்கப் அன்று, ஒத்திசைவு. ஒரு பக்கம் நடந்ததை மறுபக்கமும் நடத்திவிடுவதே அதன் வேலை. உங்கள் தவற்றையும் அது விசுவாசமாக நகலெடுக்கும். உலாவி வழியே உள்நுழைந்து குப்பைத் தொட்டியைப் பாருங்கள். கூகுள் டிரைவில் அழித்தவை 30 நாள் வரை இருக்கும். அந்தக் கெடு முடிவதற்குள் மீட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. பேக்கப் வட்டு தனியாக உள்ளது. உடனே இணைத்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றலாமா?

பதில்: இது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற தீய மென்பொருளின் வேலை. இப்போது இணைத்தால் பேக்கப் வட்டும் பூட்டப்படும். முதலில் கணினியை வலையிலிருந்து துண்டியுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளையும் அந்தக் குறிப்பையும் அழிக்காதீர்கள்; 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் திட்டத்தில், மாதிரிக் கோப்பைக் காட்டினால் எந்த வகை என்று கண்டறிந்து, சாவி இருந்தால் இலவசமாகத் தருகிறார்கள். இன்று சாவி இல்லாத வகைக்குப் பின்னர் கிடைப்பதும் உண்டு. கணினியை முற்றிலும் துடைத்து, இயங்குதளத்தை மறுபடி நிறுவிய பிறகே பேக்கப்பை அதில் இணைக்கலாம்.

அந்தப் பேக்கப்பை இதுவரை திறந்து பார்த்திருக்கிறீர்களா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்தபோது, வழக்கமான பேக்கப் சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்ததும், அதை எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் போய்ச் சேராததும் அப்போதுதான் தெரியவந்தன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகலே அவர்களைக் காப்பாற்றியது. உங்கள் வட்டை வேறொரு தூய்மையான கணினியில் இணைத்து, பழையதும் புதியதுமாகச் சில கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்; அதன் பிறகு ஏற்றுவதைப் பற்றிப் பேசலாம்.