கோலாப்பூரில் போலந்துக் கல்லறைகள்: விளக்கேற்றப் போகும் முன்

கேள்வி: கோலாப்பூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். உடன் வேலை செய்பவரின் அப்பாவை அடக்கம் செய்ய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே போலந்துக்காரர்களின் சமாதிகளைப் பார்த்தேன். ஒன்றில் பிறந்த, இறந்த வருடங்களைக் கழித்தால் இரண்டு வயதுதான் வருகிறது. அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. நவம்பரில் போய் விளக்கேற்றலாமா? நான் இந்து, தப்பாகிவிடுமா? அவர்கள் குடும்பத்தாரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: தாராளமாக ஏற்றலாம். சாதி மதம் பார்த்து யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அங்கே படுத்திருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு போனால், கையில் இருக்கிற விளக்குக்கே வேறு கனம் வந்துவிடும்.

1940 பிப்ரவரியில் தொடங்கி, கிழக்குப் போலந்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சோவியத் படை ரயிலேற்றியது. சரக்கு வண்டிகளில் அடைத்து சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பினார்கள். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத்தைத் தாக்கிய பிறகு நிலைமை மாறியது. அடுத்த மாதமே ஏற்பட்ட உடன்பாட்டால் இவர்களுக்கு விடுதலை கிடைத்தது. 1942இல் போலந்து ஜெனரல் ஆண்டர்ஸின் படையோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காஸ்பியன் கடலைத் தாண்டி ஈரானில் இறங்கினார்கள். பட்டினியும் டைபஸ் காய்ச்சலும் அதற்குள் உடம்பை அரித்துவிட்டிருந்தன. தெஹ்ரானின் தூலாப் கல்லறையில் மட்டும் சுமார் 1,900 போலந்துக்காரர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள்.

பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் கராச்சி வழியாக இந்தியா வந்தார்கள். ஜாம்நகர் மகாராஜா பாலாசடியில் குழந்தைகளுக்கு இடம் கொடுத்த கதையைப் பலர் கேட்டிருப்பார்கள். அதைவிடப் பெரிய முகாம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், வளிவடேயில் இருந்தது. 1943 முதல் 1948 வரை சுமார் 5,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அங்கே வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், சாரணர் இயக்கம் என்று ஒரு குட்டிப் போலந்தையே நடத்தினார்கள். நீங்கள் பார்த்த கல்லறைகள் அந்த முகாமின் மிச்சம். குண்டு பட்டு யாரும் அங்கே சாகவில்லை. ஆனாலும் போர் கொன்றவர்கள்தான் அவர்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சரி, நாள். போலந்தில் நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் அன்றே ஊரே கல்லறைக்குக் கிளம்பிவிடும். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று கும்பிடுவது மறுநாள், நவம்பர் 2. இரண்டில் எந்த நாள் போனாலும் பொருத்தமே. நவம்பர் 1 மாலை என்றால் அவர்கள் வழக்கத்தோடு சேர்ந்துவிடும். அங்கே வைக்கும் விளக்குக்கு ‘ஸ்னிச்’ என்று பெயர்: மூடி போட்ட கண்ணாடிக் குடுவைக்குள் எரியும் மெழுகு. நீங்கள் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, உள்ளே மெழுகுவர்த்தியை நிறுத்தினால் போதும், காற்றில் அணையாது. பூவுக்கு அலையவே வேண்டாம். போலந்தில் கல்லறைப் பூ என்றாலே சாமந்திதான். நாடா கட்டுவதானால் மேலே வெள்ளை, கீழே சிவப்பு. தலைகீழாகிவிட்டால் இந்தோனேசியக் கொடி ஆகிவிடும்.

போகும் முன் கல்லறையைப் பராமரிக்கும் திருச்சபையினரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆர்வத்தில் கல்லைத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்துக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை, கம்பி பிரஷ் எதுவும் கூடாது. வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கல் உதிர்கிறது என்றால் அதுவும் வேண்டாம். எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸ் தடவாமல், காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது போய்ப் பாருங்கள். நடுப்பகலில் தெரியாத எழுத்து அப்போது நிழலோடு எழுந்து நிற்கும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், போலிஷ் எழுத்தில் ஒரு சின்னக் கோடு போனால் பெயரே மாறிவிடும். ‘எல்’ எழுத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு இருந்தால் அதை ‘வ’ போல ஒலிக்க வேண்டும். கல்லின் உச்சியில் எஸ், பி என்று இரண்டு எழுத்துகள், எஸ் மேலே ஒரு கீற்றோடு இருக்கலாம். அது பெயரின் தலையெழுத்து அல்ல. ‘புனித நினைவுக்குரிய’ என்பதன் சுருக்கம், நாம் ‘அமரர்’ என்று போடுகிற மாதிரி. மாதத்தை ரோமன் எண்ணில் பொறிக்கும் பழக்கமும் உண்டு. அப்புறம், அண்ணன் கோவால்ஸ்கி என்றால் தங்கை கோவால்ஸ்கா. ஈறு வேறாக இருக்கிறதே என்று வேறு குடும்பமாக எழுதிவிடாதீர்கள்.

படத்தை இரண்டு கோணத்தில் எடுங்கள்: கல் முழுதும் ஒன்று, எழுத்து மட்டும் நெருக்கமாக ஒன்று. பெயரைப் பார்த்தபடியே, கோடு புள்ளி உட்பட, நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். படித்தது சரியா என்று மும்பையில் உள்ள போலந்துத் துணைத் தூதரகத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். பழுது பார்க்க வேண்டியிருந்தால் அதையும் அவர்களிடமே சொல்லுங்கள். நீங்களாகச் சிமென்ட் பூச வேண்டாம்.

குடும்பத்தைத் தேடுவதில் பலரும் முதலில் போலந்தில்தான் தேடுவார்கள். அங்கேதான் வழி தவறும். போர் முடிந்தபோது இவர்கள் பிறந்த கிழக்குப் பகுதி சோவியத்தோடு சேர்ந்துவிட்டது. கல்லில் லுவூஃப் என்று இருந்தால் அது இன்றைய உக்ரைனின் லிவீவ். வில்னோ என்றால் லித்துவேனியாவின் வில்னியஸ். திரும்பிப் போக ஊர் இல்லாமல் பலர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா என்று சிதறினார்கள். அதனால் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இருக்கவே வாய்ப்பு அதிகம். க்ரெசி-சைபீரியா அறக்கட்டளை நாடு கடத்தப்பட்டவர்களின் பெயர்ச் சுவர் ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது, அங்கே தொடங்குங்கள். வளிவடேயில் வளர்ந்தவர்கள் லண்டனை மையமாக வைத்து ஒரு சங்கமும் நடத்தினார்கள். குழந்தையின் பெயரோடு தாயின் பெயரும் கிடைத்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

அங்கே நின்று என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். மந்திரமோ ஜெபமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. கல்லில் இருக்கும் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரை எத்தனை வருடமாக யாரும் கூப்பிடாமல் இருந்தார்களோ.

மறுநாள் காலை போய்க் குடுவையை எடுத்துவிடுங்கள். உடைந்தால் அடுத்து வருகிறவர் காலில் குத்தும்.