1967இல் பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸ் குழுவை முதலிடம் பிடிக்கவிடாமல் தடுத்தவர் மெட்ராஸில் பிறந்தவரா? அந்த ‘நம்பர் 1’ஐ அப்போது யார் முடிவு செய்தார்கள்?

ஆமாம், மெட்ராஸில் பிறந்தவர்தான். பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்சி. 1936 மே 2ஆம் தேதி பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போய்விட்டது.

எனக்கு இதை முதலில் சொன்னவர் பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் ரெக்கார்ட் பிளேயரைத் திறந்துவிடுவார். ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், எங்கல்பர்ட், இந்த மூன்று பேர்தான் மாறி மாறி. “இவன் நம்ம மெட்ராஸ் பையன், தெரியுமா? பீட்டில்ஸையே ரெண்டாவது இடத்துல நிறுத்தினவன்” என்பார். எனக்கு அப்போது பத்து வயது. ஆன்ட்டி பாசத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். பல வருடம் கழித்து 1960களின் பட்டியல்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அவர் சொன்னது அப்படியே உண்மை என்று தெரிந்தது.

1967 பிப்ரவரி 17 அன்று பிரிட்டனில் பீட்டில்ஸின் புது சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன ரெக்கார்ட், வெளிவந்தது. ஒரு பக்கம் ‘பென்னி லேன்’, மறுபக்கம் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. அதற்கு முன் 1963இலிருந்து தொடர்ச்சியாக 11 சிங்கிள்கள் முதலிடத்துக்குப் போயிருந்தன. பன்னிரண்டாவது இரண்டாம் இடத்தோடு நின்றது. மார்ச் தொடக்கத்திலிருந்து ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது எங்கல்பர்ட்டின் ‘ரிலீஸ் மி’. அதோடு விடவில்லை. 56 வாரம், ஒரு வாரம்கூட விடுபடாமல், பட்டியலிலேயே இருந்தது. அந்த வருடம் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான்.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

1969 பிப்ரவரி வரைக்கும் பிரிட்டனில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே பட்டியல் என்று ஒன்று கிடையாது. 1952 நவம்பரில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகைதான் இந்த வழக்கத்தைத் தொடங்கியது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 ரெக்கார்ட் கடைகளுக்குப் போன் போட்டு, இந்த வாரம் எது நன்றாகப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் முதல் பட்டியல். பிறகு ‘மெலடி மேக்கர்’, ‘டிஸ்க்’, ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ என்று ஆளுக்கொரு பட்டியல் போட ஆரம்பித்தார்கள். பிபிசி வானொலியோ இந்தப் பத்திரிகைப் பட்டியல்களை எல்லாம் சேர்த்து, சராசரி பார்த்து, தனக்கென்று ஒன்று தயாரித்தது. ஞாயிறு மதியம் ‘பிக் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் ஆலன் ஃப்ரீமன் என்ற ஆஸ்திரேலியர் வாசித்தது அந்தச் சராசரியைத்தான். 1968 ஆகஸ்டில் அந்தக் கணக்குப்படி மூன்று பாட்டுகள் ஒன்றாக முதலிடத்துக்கு வந்துவிட்டன. அப்புறம்தான் பிபிசியும் ‘ரெக்கார்ட் ரீடெய்லரும்’ சேர்ந்து, ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்திடம் கணக்கெடுக்கும் வேலையை ஒப்படைத்தார்கள்.

எந்தப் பட்டியலைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வரலாறே மாறும். 1963 ஜனவரியில் வந்த ‘ப்ளீஸ் ப்ளீஸ் மி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸில் முதலிடம், மெலடி மேக்கரில் முதலிடம், டிஸ்க்கிலும் முதலிடம். ரெக்கார்ட் ரீடெய்லரில் மட்டும் இரண்டு. கடை எண்ணிக்கையில் பார்த்தால் அதுதான் சிறிய கணக்கெடுப்பு. ஆனால் பிற்காலத்தில் பழைய பட்டியல்களைப் புத்தகமாகத் தொகுத்தவர்கள் 1960களுக்கு அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தார்கள், அதுவே அதிகாரபூர்வமாகிவிட்டது. அதனால்தான் 2000இல் பீட்டில்ஸின் முதலிடப் பாட்டுகளை எல்லாம் சேர்த்து ஆல்பம் போட்டபோது ‘ப்ளீஸ் ப்ளீஸ் மி’க்கு இடமில்லை. அன்று பத்திரிகை வாங்கிப் படித்த பிள்ளைகளைக் கேட்டால், பீட்டில்ஸின் முதல் நம்பர் 1 அதுதான் என்று அடித்துச் சொல்வார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

அதே நியாயத்தை 1967க்கும் பார்க்க வேண்டும். மெலடி மேக்கர் பட்டியலில் ‘பென்னி லேன்’ முதலிடம் தொட்டது. ஆகவே ஆன்ட்டி சொன்னது அதிகாரபூர்வப் பட்டியல்படி சரி, மெலடி மேக்கர்படி சரியில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

சரி, பாட்டு மக்கள் காதுக்கு எப்படிப் போனது? இப்போது இருப்பதுபோல நாள் முழுக்க ரெக்கார்ட் போட பிபிசியால் முடியாது. வானொலி ரெக்கார்டையே ஓட்டிக்கொண்டிருந்தால் வாத்தியக்காரர்களுக்குப் பிழைப்பு போய்விடும் என்று இசைக்கலைஞர்கள் சங்கம் எதிர்த்தது. ரெக்கார்ட் கம்பெனிகளுக்கும் தங்கள் விற்பனை குறையும் என்ற பயம். அதனால் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் என்று வரம்பு. மீதி நேரத்துக்குக் குழுக்களே ஸ்டுடியோவுக்கு வந்து வாசிக்க வேண்டும். இதனால் நமக்குக் கிடைத்த லாபம் பெரியது. 1962 முதல் 1965 வரை பீட்டில்ஸ் மட்டும் பிபிசிக்காக 88 வெவ்வேறு பாட்டுகளைப் பாடியிருக்கிறார்கள். அவற்றில் பல, அவர்கள் அப்போது ரெக்கார்டில் கொடுக்காதவை.

ராத்திரியில் லக்ஸம்பர்க் வானொலி உண்டு. 208 மீட்டர் அலைவரிசையில் சத்தம் வந்து வந்து போகும். ஆனால் அங்கே பெரிய ரெக்கார்ட் கம்பெனிகள் நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தன, சின்ன ஆள் நுழைய முடியாது. ரோனன் ஓ’ராஹிலி என்ற அயர்லாந்து இளைஞர், தான் நிர்வகித்த பாடகர் ஜார்ஜி ஃபேமின் ரெக்கார்டை எந்த நிலையமும் ஒலிபரப்பாததால், நாட்டின் எல்லைக்கு வெளியே கடலில் கப்பலை நிறுத்தி நிலையம் தொடங்கினார். அதுதான் ரேடியோ கரோலின், 1964 மார்ச் 28. அந்த வருடம் டிசம்பரில் ரேடியோ லண்டன் வந்தது. முன்னாள் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில், எஸெக்ஸ் கரைக்கு அப்பால். அவர்களும் ‘ஃபேப் 40’ என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அது விற்பனைக் கணக்கு இல்லை. அடுத்து எது ஓடப்போகிறது என்று நிலையத்தார் கணித்துப் போட்டது. ஆகவே கடைக்கணக்குப் பட்டியலைவிடச் சில வாரம் முன்னால் ஓடும். 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவு இந்தக் கப்பல்களுக்கு எதிரான சட்டம் அமலுக்கு வந்தது. ரேடியோ லண்டன் அன்று மதியம் 3 மணிக்கே மூடியது. ஆறு வாரம் கழித்து பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது, காலையில் முதலில் பேசிய டோனி பிளாக்பர்னே கப்பலிலிருந்து வந்தவர்தான்.

கப்பல் வானொலி கேட்டது பெரும்பாலும் இளவட்டம். கடைக்குப் போய் ரெக்கார்ட் வாங்கியவர்களிலோ அம்மாக்களும் பாட்டிகளும் இருந்தார்கள். 1960கள் என்றாலே நீளமுடிக் குழுக்களும் கிட்டார் சத்தமும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 1965இல் அதிகம் விற்ற சிங்கிள் கென் டாட் பாடிய ‘டியர்ஸ்’. அவர் தொழிலால் நகைச்சுவைக் கலைஞர். அந்தப் பத்து வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிரிட்டனில் விற்பனையில் மூன்றாம் இடம் அந்தப் பாட்டுக்கு, அதற்கு மேலே இருக்கும் இரண்டும் பீட்டில்ஸ். 1966இல் ஜிம் ரீவ்ஸின் ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அவர் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எங்கல்பர்ட், ரெக்கார்ட் வாங்கிய இந்த அம்மாக்கள் பாட்டிகள் கூட்டத்தின் பாடகர். அதில் குறைவாகப் பேச ஒன்றும் இல்லை. ஜெரி டோர்சி என்ற பெயரில் பல வருடம் பாடியும் பெயர் கிடைக்கவில்லை. 1961இல் காசநோய் வந்து தொழில் நின்றது. பாடகர் டாம் ஜோன்ஸின் மேனேஜர் கார்டன் மில்ஸ்தான் 1965இல் பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை இவருக்கு வைத்தார். ‘ரிலீஸ் மி’ புதுப்பாட்டும் இல்லை. அமெரிக்காவில் பலர் பாடிவிட்ட பழைய கன்ட்ரி பாட்டு. லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து ஒளிபரப்பான ஞாயிறு இரவு டிவி நிகழ்ச்சியில், உடம்பு சரியில்லாமல் வரமுடியாத ஒருவருக்குப் பதிலாக இவர் ஏறிப் பாடினார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி அது. அதன் பிறகுதான் விற்பனை எகிறியது. முப்பது வயது வரை காத்திருந்தவரின் குரலில் இருக்கும் அந்தக் கெஞ்சல் எனக்கு நடிப்பாகத் தோன்றியதே இல்லை.

இன்னொரு மெட்ராஸ் பிறப்பையும் சொல்ல வேண்டும். பீட் பெஸ்ட், 1941 நவம்பர் 24. பீட்டில்ஸுக்கு இரண்டு வருடம் டிரம்ஸ் வாசித்தவர். 1962 ஆகஸ்டில் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபரில் குழுவின் முதல் சிங்கிள் ‘லவ் மீ டூ’ வெளிவந்தது, 17ஆவது இடம் வரை போனது. ஆன்ட்டிக்கு இவரைப் பற்றித் தெரிந்திருந்ததா என்று கேட்டுக்கொள்ள முடியவில்லை. எனக்கு இது தெரியவந்தபோது அவர் மகனோடு ஆஸ்திரேலியா போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. ரெக்கார்ட் பெட்டியையும் கூடவே கொண்டுபோனார் என்று அம்மா சொன்னார்.