வாட்ச் காட்டும் எண்ணை நம்பலாமா?

கேள்வி: செங்கோட்டையில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 52. மகள் வாங்கித் தந்த ஜிபிஎஸ் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு காலையில் புளியரை ரோட்டில் ஓடுகிறேன். ஞாயிறன்று புளியரையிலிருந்து எஸ் வளைவு ஏறி கோட்டைவாசல் வரை. ஜனவரியில் அரை மாரத்தான் ஓட ஆசை. ஆனால் ஆனி பிறந்ததிலிருந்து வேகம் குறைகிறது. வாட்ச்சில் விஓ2 மேக்ஸும் (ஓடும்போது உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு) 36-லிருந்து 33-க்கு இறங்கிவிட்டது. ஒருநாள் துடிப்பு 176 என்று காட்ட, வீட்டில் பயந்துவிட்டார்கள். எங்கள் பி.டி. சார் 12 நிமிட டெஸ்ட் ஓடிப் பார்க்கச் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: முதலில் அந்த 176. வீட்டில் நிம்மதி வேண்டுமே!

220-லிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 168 வரும். பல வாட்ச்கள் அதையே உச்சத் துடிப்பாக வைத்துக்கொள்கின்றன. இது ஊருக்கெல்லாம் பொதுவான சராசரிக் கணக்கு. ஒரே வயதுக்காரர்களில் ஒருவருக்குப் பத்து கூடும், இன்னொருவருக்குப் பத்து குறையும். ஆகவே 176 உண்மையாகவே இருக்கலாம். வாட்ச்சின் பிழையாகவும் இருக்கலாம். மணிக்கட்டில் பச்சை விளக்கடித்து ரத்த ஓட்டத்தை எண்ணும் கருவி அது. வார் தளர்ந்திருந்தால், சில சமயம் நீங்கள் கால் வைக்கும் தாளத்தையே துடிப்பென்று எண்ணிவிடும். நிமிடத்துக்கு 170 அடி, 180 அடி வைப்பது ஓடுகிறவர்களுக்குச் சாதாரணம். அடுத்த முறை அப்படிக் காட்டினால் உடனே நின்று, கழுத்தோரம் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கிப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் மார்பில் கட்டும் பட்டை வாங்கலாம், அது இன்னும் சரியாக எண்ணும்.

விஓ2 மேக்ஸ் இறங்கியதற்கு ஆனி மாதமே பதில். ஆரியங்காவு கணவாய் வழியே வரும் காற்று உங்கள் ரோட்டில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாட்ச் இந்த எண்ணை நேரடியாக அளப்பதில்லை. எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு துடிப்பு என்று பார்த்து ஊகிக்கிறது. ஏற்றத்தைச் சில வாட்ச்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எதிர்காற்று அவற்றுக்குத் தெரியாது. புளியரையை நோக்கிப் போகும்போது துடிப்பு ஏறி வேகம் குறைந்தால், ஆள் சோர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடும். கோட்டைவாசல் ஏற்றத்தில் இன்னொரு சங்கடம். மலையும் மரங்களும் வானத்தை மறைப்பதால் சாட்டிலைட் சிக்னல் சிதறும், அந்தந்த நொடி வேகம் தாறுமாறாகக் குதிக்கும். அதைப் பார்த்து ஓடாதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கான சராசரியை மட்டும் திரையில் வையுங்கள்.

அதனால்தான் பி.டி. சார் சொல்வது சரி. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்ட டெஸ்ட் அது: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? அந்தத் தூரத்திலிருந்து (மீட்டரில்) 504.9 கழித்து 44.73-ஆல் வகுத்தால் விஓ2 மேக்ஸ் தோராயமாகக் கிடைக்கும். 2,000 மீட்டர் ஓடினால் 33.4, 2,100 ஓடினால் 35.7. ஆனால் இது உயிரைக் கொடுத்து ஓடுவது. 52 வயதில் டாக்டரைப் பார்த்து, ரத்த அழுத்தம், ஈசிஜி பார்த்து, அவர் சரியென்ற பிறகுதான். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ ஏற்கெனவே இருந்தால் ஓட்டத்தையே நிறுத்திவிட்டு முதலில் அவரிடம் போங்கள்.

ரோட்டில் வேண்டாம், பள்ளி மைதானத்தில் ஓடுங்கள். அங்கே தூரத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். சின்ன வட்டத்தில் சுற்றும்போது அது புள்ளி புள்ளியாகப் பிடித்துக் கோடு போடுவதால் வளைவுகள் பிசகும். பி.டி. சாரிடம் அளவு நாடா இருக்கும். ஓடப்போகும் தடத்தை ஒருமுறை அளந்து சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லுங்கள். சுற்றை ஒரு மாணவன் எண்ணட்டும், வாட்ச் நேரத்தையும் துடிப்பையும் பார்க்கட்டும். ஆறு வாரம் கழித்து அதே தடம், அதே காலை நேரம், அதே ஷூ, முந்தின நாள் ஓய்வு. இந்த இரண்டு எண்களை ஒப்பிட்டால் அர்த்தம் உண்டு. புளியரை ரோட்டுக் காற்றில் கிடைத்த 33-ஐ வைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வாரம், 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, அதே தடத்தில் 30 நிமிடம் சீராக, முடிந்த மட்டும் வேகமாக ஓடுங்கள். பத்தாவது நிமிடத்தில் லேப் பட்டனை அழுத்துங்கள், அதற்குப் பிந்தையதை வாட்ச் தனியாகக் கணக்கிடும். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் இனி உங்கள் அளவுகோல். அது 160 என்று வந்தால், அன்றாட ஓட்டம் 140-ஐத் தாண்டக்கூடாது. முதலில் எரிச்சலாக இருக்கும், சில இடத்தில் நடக்கவேண்டிக்கூட வரும். ஆனாலும் வருகைப் பதிவேட்டுப் பெயர்களை மூச்சு வாங்காமல் வாசிக்கிற வேகம்தான் உங்களுக்கு இப்போது தேவை. தினமும் வாட்ச்சோடு மல்லுக்கட்டி ஓடுகிறீர்கள் என்பதே என் சந்தேகம். வேகமான ஓட்டம் வாரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

கோட்டைவாசல் ஏற்றத்தை விடவேண்டாம். அன்று வேகத்தைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டு, துடிப்பை மட்டும் பாருங்கள். எஸ் வளைவில் லாரிக்காரர்களுக்கு நீங்கள் கண்ணில் படவேண்டும்: ஒளிரும் பட்டை போட்ட சட்டை, வலது ஓரம், காதில் பாட்டு வேண்டாம்.