கடையில் வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு கேட்க முடியுமா? இன்சூரன்ஸும் கிடைக்குமா?

உங்கள் கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் ஈரத் தரையில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது, பிளேட் வைத்து ஆபரேஷன் ஆகிவிட்டது, கடைக்காரர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து முடிக்கப் பார்க்கிறார், பில் தொலைந்துவிட்டது, இனி என்ன செய்யலாம்?

இரண்டு இடத்திலும் கேட்கலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு. மெடிக்கல் இன்சூரன்ஸ் யார் தப்பு என்று பார்க்காது. விபத்து என்பதால் பாலிசி எடுத்த முதல் 30 நாள் காத்திருப்பும் பொருந்தாது. கடையிடம் கேட்பதோ முழுக்க யார் தப்பு என்பதைப் பற்றியது. இரண்டுக்கும் அடிப்படையாக இருப்பது ஒரே காகிதம்தான்: அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிய முதல் குறிப்பு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

என் மாமியார் மதுரையில் ஒரு கடையில் இதே மாதிரி விழுந்தார். கேஷுவால்டியில் டியூட்டி டாக்டர் "எப்படிம்மா விழுந்தீங்க?" என்றார். மாமியாருக்கு வெட்கம். "கண்ணு இருட்டிட்டு வந்துச்சு போல" என்று ஆரம்பித்துவிட்டார். கூடவே இருந்த என் மனைவி, "இல்ல டாக்டர், மாப் போட்ட ஈரம் காயல, கால் வழுக்கிடுச்சு, நான் பக்கத்துலதான் நின்னேன்" என்று சொன்னதால் கடையின் பெயரோடு அப்படியே ஏ.ஆர். புத்தகத்தில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) ஏறியது. "மயக்கம்" என்று எழுதியிருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பிரஷர், சுகர் எத்தனை வருஷமாக என்று நோண்ட ஆரம்பித்திருப்பார்கள். கடைக்காரருக்கோ கேஸே முடிந்த மாதிரி. பொய் சொல்லச் சொல்லவில்லை. நடக்காததை வெட்கத்தில் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, எப்படி விழுந்தார் என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை இன்றே படியுங்கள். தவறாக இருந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் திருத்தமோ விளக்கக் கடிதமோ கேளுங்கள். ஏ.ஆர். நகலும் வாங்கி வையுங்கள். பிளேட், ஸ்க்ரூ பெட்டியில் வரும் சிறிய ஸ்டிக்கரும் அதன் பில்லும் இல்லாவிட்டால் இன்சூரன்ஸில் அந்தத் தொகை நிற்கும். பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்கும் க்ளெய்ம் என்றால் ஒரிஜினல் எல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் நகல் எடுங்கள், பின்னால் கடை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அவைதான் வேண்டும். பிசியோதெரபி பில்களையும் தூக்கிப் போடாதீர்கள், டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவும் பல பாலிசிகளில் 60 நாள் வரை வரும். 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீட்டை நம்ப வேண்டாம். அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான், எலும்பு முறிவுக்குக் கிடையாது.

இனி கடை. ஐயாயிரத்தை வாங்குவதில் தப்பில்லை. "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. மேனேஜர் வாயால் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்பார், எழுத்தில் ஒரு வார்த்தை வராது. காரணம் இருக்கிறது. பல பெரிய கடைகள் பப்ளிக் லையபிலிட்டி பாலிசி வைத்திருக்கும், அதாவது கடையின் தப்பால் வெளியாருக்கு அடிபட்டால் நஷ்டஈட்டைக் கொடுக்கும் இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது அதில் வழக்கமான நிபந்தனை. அதனால் அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. நடந்ததை எழுதி, அந்த நேரத்து சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும், லையபிலிட்டி பாலிசி இருந்தால் அந்தக் கம்பெனிக்குத் தெரிவிக்கும்படியும் கடையின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதிலேயே ஒப்புகையோடு அனுப்பலாம். தாமதிக்காதீர்கள், பல கடைகளில் சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும்.

எங்கள் விஷயத்தில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை மாமியார் விழுந்த பிறகுதான் கொண்டுவந்து வைத்தார்கள். மைத்துனன் எடுத்த போட்டோவில் கடைப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு வருவதே பதிவாகியிருந்தது. அப்புறம் அவர்கள் கிளப்பியது செருப்பு. "அடி தேஞ்ச செருப்பு சார்" என்றார்கள். அந்தச் செருப்பையே கொண்டுபோய்க் காட்டினோம். உங்கள் அம்மா போட்டிருந்ததையும் எடுத்து வையுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். உங்கள் ஊர் ஆணையத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 2025 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்துக் கட்டணம் கணக்கிடுவதில்லை, கடையில் கொடுத்த விலையை வைத்துத்தான். அது 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. மளிகை பில்லுக்குக் கேட்கவே வேண்டாம்.

சிவில் கோர்ட்டுக்கு நான் போகச் சொல்ல மாட்டேன். 1972இல் டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டல் நீச்சல் குளத்தில் தலையில் அடிபட்ட ஜெர்மன் விமானிக்கு 50 லட்சம் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது 1997இல். அதற்குள் அவர் இறந்தே போயிருந்தார்.

எவ்வளவு கேட்பது? இன்சூரன்ஸில் வந்த ஆஸ்பத்திரித் தொகையையே மறுபடி கடையிடம் கேட்டால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். இன்சூரன்ஸில் வெட்டிய தொகை, வீட்டு வேலைக்கு வைத்த ஆளின் சம்பளம், ஆட்டோ செலவு, வலி வேதனை, பின்னால் பிளேட்டை எடுக்க வேண்டியிருந்தால் அந்தச் செலவு, இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். எங்களுக்குக் கேட்டதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. ஆணையம் வரை போகாமலே வந்ததால் ஒத்துக்கொண்டோம்.

பில் தொலைந்ததற்குப் பயப்படாதீர்கள். யுபிஐ, கார்டில் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கில் நேரத்தோடு இருக்கும். பாயிண்ட் சேர்க்க மொபைல் நம்பர் கொடுத்திருந்தால் கடையிலேயே நகல் எடுக்கலாம். பில் போடும் முன்பே விழுந்தார் என்றால்தான் சிக்கல், "இவர் நுகர்வோரே இல்லை" என்று வாதாடுவார்கள். அப்படி இருந்தால் மட்டும் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள்.